சிவப்புத் துணி கட்டாத நாள்

எங்கள் சந்தில் ஒரு கார் போகலாம். அவ்வளவுதான் அகலம். கார் வரும்போது நாங்கள் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டைத் தாண்டியதும் சந்து சரிந்து இறங்கிக் கடற்கரை மணலில் போய் முடிகிறது. அதனால் வெளியூர்க்காரர்களுக்கு அது சந்து இல்லை, கடலுக்குப் போகும் வழி. அவர்களுடைய போனில் அப்படித்தான் காட்டுகிறதாம். அந்தப் போனில் எங்கள் வீடு இல்லை.

சீசன் தொடங்கிவிட்டால் காலையில் கதவைத் திறக்கும்போதே எதிரில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு முறை ஒருவர் எங்கள் வாசற்படியை உரசிக்கொண்டு வண்டியை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நாங்கள் கதவைத் திறந்தால் அவருடைய காரின் கதவுதான் இருந்தது. அன்று துணி மூட்டையை ஜன்னல் வழியாக வெளியே தள்ளி, அதன் பின்னாலேயே அக்காவும் குதித்து வேலைக்குப் போனாள். இன்னொருவர் எங்கள் கொடியில் தன் ஈர ஜட்டியைக் காயப்போட்டிருந்தார், அம்மா துவைத்து உலர்த்திய வெள்ளை விரிப்புகளுக்கு நடுவில். அம்மா அதை ஒரு குச்சியால் எடுத்து அவருடைய காரின் கண்ணாடி மேலேயே விரித்துவிட்டு வந்தாள்.

அம்மாவுக்கு விடுதிகளின் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் வேலை. அக்கா ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். நான் வீட்டில் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடம் நின்றுபோனது. டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேன், பதிலும் தெரியும், வாய்தான் வராது. ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்படியே விட்டுப்போனது. அக்கா எனக்கு வைத்திருக்கும் பெயர் கோட்டான். ஊமைக்கோட்டான் என்று முழுதாகச் சொல்ல அவளுக்கு நேரம் இல்லை.

வீட்டில் எனக்கென்று இருந்த பொறுப்பு சிவப்புத் துணி.

சரிவின் உச்சியில், நாங்கள் துணி உலர்த்தும் இடத்தில், ஒரு கம்பம் இருக்கிறது. கடற்கரையில் எங்கே நின்று பார்த்தாலும் அது தெரியும். மற்ற நாட்களில் கடல் தன் எல்லையோடு நிற்கும். முழுநிலாவையும் அமாவாசையையும் ஒட்டிய சில நாட்களில் மட்டும் பிற்பகலில் தண்ணீர் மணலை எல்லாம் விழுங்கிக்கொண்டு சுவர் வரைக்கும் ஏறிவிடும். அது எப்படித் தெரியும் என்றால், அந்த நாட்களில் காலையில் கடல் மிகவும் பின்வாங்கியிருக்கும். கரையை அடுத்த கரும்பாறையின் அடி வெளியே தெரிந்தால் அன்று மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறும். நான் விடியும்போது போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு வந்து கம்பத்தில் சிவப்புத் துணியைக் கட்டுவேன். துணியைப் பார்த்ததும் மணலில் வண்டி, தள்ளுவண்டி, படகு வைத்திருப்பவர்கள் எல்லாரும் மேலே ஏற்றிவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் யாராவது இறங்கினால், துணியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதை ஆரம்பித்து வைத்தது அப்பா. அவர் இப்போது வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். துணி மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. அவர் போன பிறகு அம்மா கட்டினாள். அம்மாவால் முடிச்சுப் போட முடியாமல் போன பிறகு நான் கட்டினேன்.

அம்மாவால் ஏன் முடியவில்லை என்பதுதான் கதை.

போன சீசனில் ஒரு நாள் அம்மா ஈர விரிப்புகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலுக்கு உள்ளே இருந்தேன். கீழே மணலிலிருந்து வேறொரு கார் ஏறி வந்ததால், இறங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக் கார் பின்னால் வரத் தொடங்கியது. மெதுவாக வரவில்லை. கோபத்தோடு வந்தது. அதன் பின்பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்று கீ கீ என்று கத்திக்கொண்டே இருந்தது, காருக்கே தெரிந்திருக்கிறது பின்னால் ஆள் இருப்பது. ஓட்டியவனுக்குத் தெரியவில்லை. தள்ளுவண்டியின் இரும்புப் பிடிக்கும் சுவருக்கும் நடுவில் அம்மாவின் வலது கை மாட்டிக்கொண்டது.

அம்மா கத்தியதும் கார் நின்றது. அவன் கண்ணாடியை இறக்கி, "வழியில ஏம்மா நிக்கற?" என்றான்.

அம்மா நின்றது எங்கள் வாசலில்.

பிறகு அவன் இறங்கினான். அம்மாவிடம் வரவில்லை. காரின் பின்பக்கம் போய்க் குனிந்து, கீறலை விரலால் தடவிப் பார்த்தான். "புது வண்டி. பாரு என்ன பண்ணி வச்சிருக்குன்னு," என்று முன்சீட்டில் இருந்த பெண்ணிடம் சொன்னான். ஏறிப் போய்விட்டான். விரிப்புகள் எல்லாம் சேற்றில் கிடந்தன. பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த கழுகுப் படம் சந்து முனை வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு போனது. அந்தக் கழுகுக்கு ஒரு சிறகு உரிந்து போயிருந்தது.

அம்மாவுக்கு நடுவிரலும் மோதிர விரலும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. அக்கா காவல் நிலையத்துக்குப் போனாள். "சீசன்ல எங்கம்மா ஆளு இருக்கு? சீசன் முடியட்டும், வாங்க," என்றார்கள். சீசன் முடிந்ததும் போனாள். "இத அப்பவே வந்து சொல்லியிருக்கணும்ல?" என்றார்கள்.

அதிலிருந்து தேய்ப்பது என் வேலையானது. கனமான இஸ்திரிப் பெட்டியை ஒவ்வொரு தலையணை உறையிலும் அவன் முகத்தின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தேன். மூக்கிலிருந்து காது வரைக்கும். அப்புறம் திருப்பிப் போட்டு மறு கன்னம். உறைகள் கண்ணாடி மாதிரி பளபளத்தன. விடுதிக்காரர்கள் அம்மாவைவிட நான் நன்றாகத் தேய்க்கிறேன் என்றார்கள்.

இந்த சீசனில் ஒரு பிற்பகல் அக்கா வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"வந்துட்டான்டி."

யார் என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தில் எழுதியிருந்தது.

"எங்க விடுதியில தான். கார் வெளிய நிக்குது. கழுகு, அந்தக் கீறல், எல்லாம் அப்படியே இருக்கு. கீறலைக்கூட சரி பண்ணல பாரு, கஞ்சப்பய. அந்த ஒண்ணுக்குத்தான் அன்னிக்கு அப்படிக் குதிச்சான்." மூச்சு வாங்கினாள். "நீ தேய்ச்ச விரிப்புல தான் படுத்திருக்கான், கோட்டான். அம்மா துவைச்சு நீ தேய்ச்ச விரிப்புல. நான் போய் விரிச்சுட்டு வந்தேன். எனக்கு அப்ப தெரியாது, தெரிஞ்சிருந்தா அதுல முள்ளு தைச்சுப் போட்டிருப்பேன்."

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று இருவருக்கும் தெரிந்தது. சொன்னால், "விடுங்கடி, அவன் காசுலதான் சோறு வருது," என்று சொல்லிவிட்டுத் துவைக்கும் கல்லுக்குப் போய்விடுவாள். அவள் அப்படிச் சொல்வதை எங்களால் தாங்க முடியாது.

"நாளைக்குக் காலைல காரை மணல்ல இறக்கப் போறானாம்," என்றாள் அக்கா. "கடலுக்கு முன்னாடி நிறுத்திப் போட்டோ எடுக்கணுமாம். பொண்டாட்டிய இல்ல, காரை!"

நான் அன்று காலை பாறையைப் பார்த்திருந்தேன். அதன் அடி ஏறக்குறைய தெரிந்தது. மறுநாள் முழுதாகத் தெரியும்.

"துணி," என்றேன்.

அக்காவுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா பயப்படுகிறாளா என்று தெரியவில்லை.

"அம்மா?"

மறுநாள் அம்மா கையைக் காட்டப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். காலை முதல் பஸ்ஸில் போனால் திரும்பி வர மாலையாகும். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை, விரலை மடக்கிக் காட்டினேன். அவளே புரிந்துகொண்டாள்.

"ஆனா துணி இல்லாட்டி நம்ம ஆளுங்களும் மாட்டுவாங்களேடி. டிராக்டர் மாமா கடலையே பாக்க மாட்டாரு, கம்பத்தைத்தான் பாப்பாரு. ஐஸ் வண்டி அத்தை வண்டிய மணல்ல பூட்டிட்டுத் தூங்கிடும். எல்லாரையும் முன்னாடியே சொல்லி ஏத்த வைக்கணும். எனக்கு இப்ப மாலை வேலை இருக்கு. ஓடணும்." என்னைப் பார்த்தாள். "நீ தான் போகணும்."

நான் சுவரைப் பார்த்தேன்.

"வீடு வீடாப் போய்ப் பேசணும், கோட்டான். வாயத் திறந்து. முடியுமா? முடியாதுன்னா விட்டுடு. அவன் போட்டோ எடுத்துட்டு சந்தோஷமாப் போகட்டும்."

அவள் என்னைக் கிளப்பிவிடுவதற்காகத்தான் அப்படிச் சொன்னாள். தெரிந்தேதான் கிளம்பினேன்.

முதலில் டிராக்டர் மாமா. படகுகளை மணலிலிருந்து இழுப்பதும், சிக்கிய கார்களை இழுப்பதும் அவருடைய டிராக்டர்தான். மணலோரக் கொட்டகையில் டிராக்டருக்கு அடியில் மல்லாந்து படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் என் கால்களை மட்டும் பார்த்தார்.

"யாரு, கோட்டானா? அக்கா அனுப்பினாளா?"

இல்லை என்று தலையாட்டினேன். டிராக்டருக்கு அடியில் இருப்பவருக்கு என் தலை எப்படித் தெரியும்? அவர் திரும்பவும் முடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் குனிந்தேன்.

"மாமா, நாளைக்குத் தண்ணி சுவர் வரைக்கும் ஏறும்."

"ஏறட்டும். அதான் துணி கட்டுவீங்களே."

"கட்ட மாட்டேன்."

ஸ்பானர் சத்தம் நின்றது. மாமா மெல்ல வெளியே நகர்ந்து வந்து எழுந்து உட்கார்ந்தார். மூக்கில் கிரீஸ்.

"ஏன்?"

"கழுகுக்காரன் வந்திருக்கான்."

ஊரில் எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். மாமா கிரீஸ் கையால் கன்னத்தைச் சொறிந்தார். கன்னத்திலும் கிரீஸ்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்லது. எனக்கும் எதுவும் தெரியாது." டிராக்டர் சக்கரத்தைத் தட்டினார். "இன்னிக்கே வண்டிய சந்து முனைக்கு ஏத்திடறேன். கேட்டா, ஆயில் மாத்தறேன்னு சொல்லிக்கறேன். காருக்குள்ள ஆளு இருந்தா மட்டும் சும்மா இருக்காத, என்ன? ஓடி வந்து சொல்லு."

சரி என்றேன். வாயால்.

அடுத்து ஸ்டெப்னி அண்ணன். பஞ்சர் கடை வைத்திருக்கிறார். பழைய டியூபுகளில் காற்றடித்துக் குளிப்பவர்களுக்கு மிதக்கக் கொடுப்பதும் அவர்தான், அவை மணலில் குவிந்து கிடக்கும். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் கடைக்குள் திரும்பி யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, "கேட்டியா? இது பேசுது!" என்றார். அவருக்கும் ஒரு பழைய பாக்கி இருந்தது. போன வாரம் யாரோ அவருடைய காற்றடிக்கும் குழாய் மேல் சக்கரத்தை ஏற்றி நிறுத்திவிட்டுப் போய், பாதி நாள் கடையே ஓடவில்லை. "டியூபெல்லாம் எடுத்துடறேன். ஒண்ணு மட்டும் விட்டு வைக்கவா? அவன் மிதந்து வர உதவும்."

கடைசியில் ஐஸ் வண்டி அத்தை. அத்தைக்குக் காது மந்தம். வீதியில் நின்று கத்திச் சொல்ல வேண்டிய ரகசியம் உலகத்தில் எனக்குத்தான் கிடைத்தது.

"என்னடி? துணி கிழிஞ்சு போச்சா?"

"கிழியல அத்தை. கட்டல!"

"கட்டிக்கறியா? யாரை?"

பக்கத்துக் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்பு என்றால் நான் அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போயிருப்பேன். அன்று அத்தையின் காதருகே வாயை வைத்து, "அம்மா கைய நசுக்கினவன் வந்திருக்கான். அவன் கார் நாளைக்குக் கடல்ல குளிக்கட்டும். உங்க வண்டிய மேல ஏத்துங்க," என்று கத்தினேன். அது எனக்கு எங்கிருந்து வந்த குரல் என்று தெரியவில்லை. அத்தை என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இத முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள்.

மறுநாள் விடியும்போது பாறை தன் அடி தெரிய நின்றது. கடல் எங்கோ தூரத்தில் ஒரு கோடு. மணல் பாய் விரித்த மாதிரி பரந்து கிடந்தது, ஒரு படகு இல்லை, ஒரு தள்ளுவண்டி இல்லை. நான் சிவப்புத் துணியை மடித்துத் தலையணை உறைகளுக்கு அடியில் வைத்தேன். அம்மா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கம்பத்தைப் பார்க்காமல் இருக்க, அவளுடைய பையை நானே தூக்கிக்கொண்டு மறுபக்கமாகக் கூட்டிப் போனேன்.

"இன்னிக்கு என்ன இவ்வளவு பாசம்?" என்றாள்.

நான் திரும்பி வந்தபோது ஸ்கூட்டரில் இரண்டு வெளியூர்ப் பையன்கள் மணலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஓடிப் போய், "மதியம் தண்ணி வரும், மேல எடுத்துடுங்க," என்றேன். "அப்படியா? தேங்க்ஸ்," என்று உடனே திருப்பிக்கொண்டு போனார்கள். நல்ல பையன்கள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வண்டிதான்.

அது வந்தது.

சந்து முனையிலேயே ஹாரன். பிறகு எங்கள் சுவரை உரசுகிற மாதிரி வெள்ளைக் கார் போய் மணலில் இறங்கியது. அவன் இறங்கிப் பரந்த மணலைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான். "பாத்தியா? ஒருத்தன் இல்ல. பூரா நமக்குத்தான்." காரை இப்படித் திருப்பி ஒரு படம், அப்படித் திருப்பி ஒரு படம். அந்தப் பெண் கையில் செருப்போடு ஓரமாக நின்றாள். போன வருடம் முன்சீட்டில் இருந்த அதே பெண்.

வெயில் ஏறியது. அவன் நிழல் தேடினான். சரிவின் அடியில், சந்து கொஞ்சம் விரியும் இடத்தில், சுவரை ஒட்டி, ஒரு கார் அளவுக்கு மட்டும் நிழல் விழும். அவன் காரைக் கொண்டுவந்து அங்கே குறுக்காக நிறுத்தினான். மூக்குச் சுவரை முட்டிக்கொண்டு நின்றது, வால் மறுபக்கச் சுவர் வரைக்கும். வேறு எந்த வண்டியும் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. நான் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. அவன் தானாகவே செய்தான்.

"குறுக்கால நிக்குதே," என்றாள் அந்தப் பெண்.

"யாரு வரப் போறா?"

"யாரையாவது கேட்டுக்குங்களேன். இங்க நிறுத்தலாமான்னு."

"மணலுக்கு என்ன ஓனரா இருக்கான்?"

அப்போதுதான் அவள் மேலே என்னைப் பார்த்தாள். நான் கம்பத்துக்குப் பக்கத்தில் விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தேன். "ஏம்மா, இங்க காரை நிறுத்தலாமா?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

நான் அவளைப் பார்த்தேன். எனக்குச் சொல்லத் தெரியும். முந்தின நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். வாயில் குரல் தயாராக இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாகக் கூச்சத்தால் இல்லாமல் பேசாமல் இருந்தேன்.

"அதுகிட்ட என்ன கேட்டுக்கிட்டு? பாத்தாலே தெரியல, ஊமை," என்று அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். இன்னும் கொஞ்ச நேரம் அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவன் நிற்கவிடவில்லை. இருவரும் கடற்கரையோரமாகச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் திசையில் நடந்து போனார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் கீழே இறங்கிப் போய்க் காருக்குள் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை, ஒரு நாய்க்குட்டி கூட இல்லை. பின்பக்கம் போய்க் கீறலைப் பார்த்தேன். அம்மாவின் தள்ளுவண்டி போட்டது. அவன் செய்த மாதிரியே விரலால் தடவிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நிறைய கார்கள் வந்தன. ஒவ்வொன்றும் சரிவில் பாதி இறங்கி, வழி அடைத்திருப்பதைப் பார்த்து, ஹாரன் அடித்து, "எவன்டா இவன், அப்பன் வீட்டு ரோடு மாதிரி நிறுத்திட்டுப் போயிருக்கான்?" என்று திட்டிவிட்டுத் திரும்பிப் போயின. அவர்கள் எல்லாருடைய காரையும் அன்று அவன்தான் காப்பாற்றினான்.

மதியத்துக்கு மேல் அந்தத் தூரத்துக் கோடு நகர ஆரம்பித்தது.

கடல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஏறுகிற மாதிரி தெரியாது. ஒரு விரிப்பை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் பாறை பாதியாக இருந்தது. இன்னொன்றைப் போட்டுத் திரும்பினால் பாறை இல்லை. நுரை ஒரு தடவை முன்சக்கரத்தைத் தொட்டுவிட்டு, தப்பாகத் தொட்டுவிட்ட மாதிரி பின்வாங்கியது. அடுத்த தடவை பின்வாங்கவில்லை.

அதற்குள் சுவர் மேல் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. ஐஸ் வண்டி அத்தை வண்டியோடு வந்திருந்தாள். டிராக்டர் மாமா முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஸ்டெப்னி அண்ணன் கடையைச் சாத்திவிட்டே வந்திருந்தார்.

"சக்கரம் இறங்குது பாரு. மணல் இளகிடுச்சு," என்றார் மாமா, சாதாரணமாக.

"நாலும் ஒரே மாதிரி இறங்குது மாமா. அலைன்மெண்ட் நல்லா இருக்கு," என்றார் அண்ணன்.

காரின் கீ கீ சத்தம் கேட்டது. உப்புத் தண்ணீர் பட்டதோ என்னவோ, பின்னால் யாரோ வருகிறார்கள் என்று தானாகவே கத்தத் தொடங்கிவிட்டது. இந்த முறை பின்னால் வந்தது கடல்.

அவன் சுவரோரப் பாதையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். பின்னால் அந்தப் பெண். வந்தவன் நேராக இடுப்பளவு தண்ணீரில் குதித்து, கார்க் கதவைத் திறந்தான். திறந்திருக்கக் கூடாது. அதுவரைக்கும் வெளியே நின்ற தண்ணீர் எல்லாம் அழைப்புக்குக் காத்திருந்த விருந்தாளி மாதிரி உள்ளே போனது.

"யாராவது வாங்க! தள்ளுங்க! நின்னு வேடிக்கை பாக்கறீங்க?" என்று கத்தினான். டிராக்டர் மாமாவைப் பார்த்து, "ஐயா, அந்த முனையில நிக்குது பாருங்க டிராக்டர், அது யாரோடது?" என்றான்.

"என்னோடதுதான்."

"கொண்டு வாங்க, சீக்கிரம்!"

"எப்படிங்க கொண்டு வர்றது? வழியில உங்க வண்டி நிக்குதே."

"மேல இருந்தே கயிறு கட்டி இழுங்க!"

"கொக்கி மாட்டற இடம் சுவத்துல முட்டிக்கிட்டு இருக்கு. பக்கவாட்டுல கட்டி இழுத்தா கதவுதான் கையோட வரும். வேணும்னா சொல்லுங்க, கதவை மட்டும் முதல்ல இழுத்துத் தரேன்."

"பஞ்சர்னா என்கிட்ட சொல்லுங்க," என்றார் ஸ்டெப்னி அண்ணன். "கடலுக்கு ஒட்டுப் போட நான் இன்னும் கத்துக்கல."

அத்தைக்குப் பாதிதான் கேட்டிருக்கும். அவளும் தன் பங்குக்கு, "தம்பி, ஐஸ் வேணுமா? முகமெல்லாம் சூடா இருக்கே," என்றாள்.

"இங்க ஒரு போர்டு வைக்கக் கூடாதா? என்ன ஊரு இது?"

"வச்சிருந்தோம்," என்றார் மாமா. "உங்கள மாதிரி ஒருத்தர் ரிவர்ஸ்ல வந்து சாய்ச்சுட்டுப் போனாரு."

அவன் சுற்றிலும் பார்த்தான். என்னைப் பார்த்துவிட்டான். "இந்தப் பொண்ணு! காலைல இருந்து இங்கதான் நின்னுச்சு. எல்லாம் பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஏய், சொல்லியிருக்கலாம்ல? உனக்கு வாய் இல்ல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கும்போது இருக்குமே, அதே மாதிரி காது அடைத்தது.

"எங்கம்மாவுக்குக் கை இருந்துச்சு," என்றேன். "போன சீசன்ல நீங்க ரிவர்ஸ்ல வந்தீங்க. அந்த வாசல்ல. தள்ளுவண்டியோட சேத்து நசுக்கிட்டு, வண்டியில கீறல் விழுந்துச்சான்னு பாத்துட்டுப் போனீங்க."

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக ஒவ்வொரு தலையணை உறையிலும் நான் தேய்த்த முகம். இந்த இடத்தில் அது மாறும் என்று நினைத்திருந்தேன்.

"என்ன உளறுது இது? எந்த அம்மா? எந்தக் கை?"

அவன் நடிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே நினைவில்லை. அதைப் பார்த்ததும் கார் மூழ்கியது போதாது என்று தோன்றியது. கடல் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஏங்க," என்றாள் அந்தப் பெண். வாயில் கையை வைத்திருந்தாள். "போன வருஷம்... வெள்ளைத் துணியெல்லாம் கீழ விழுந்துச்சே..."

"நீ சும்மா இரு."

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பினேன்.

அம்மா நின்றிருந்தாள். தோளில் பை. டாக்டர் வராததால் சீக்கிரமே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவள் காரைப் பார்க்கவில்லை, அவனைப் பார்க்கவில்லை. வெறும் கம்பத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கண் கீழே போய், பாதி மூழ்கிய கண்ணாடியில் ஒட்டியிருந்த கழுகில் நின்றது.

வீட்டுக்குள் போனாள். சிவப்புத் துணியோடு வந்தாள். எங்கே ஒளித்திருந்தேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. கம்பத்தில் அவளே கட்டத் தொடங்கினாள். இரண்டு விரல் விறைத்து நிற்க, மற்ற விரல்களாலும் பல்லாலும் முடிச்சைப் போட்டாள். நேரமானது. நான் உதவப் போனேன், முழங்கையால் தள்ளிவிட்டாள். அந்தப் பெண் அம்மாவின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முடிச்சு இறுகியதும் அம்மா அந்தப் பெண்ணிடம், "மேல வந்து உக்காரும்மா. ஈரத்தோட நிக்காத. துண்டு தரேன்," என்றாள்.

அவள் தயங்கித் தயங்கி வந்தாள். அவனும் பின்னாலேயே சொட்டச் சொட்ட ஏறி வந்து எங்கள் வாசலில் நின்றுகொண்டு, போனை உதறி உதறிக் காதில் வைத்தான். அம்மா துண்டோடு வெளியே வந்தாள். அவன் நகரவில்லை.

"வழியில ஏன் சார் நிக்கறீங்க?" என்றாள் அம்மா.

அவன் சட்டென்று ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான், பல்லி மாதிரி. அந்த வார்த்தை தன்னுடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது. ஸ்டெப்னி அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தார்.

தண்ணீர் இறங்கிய பிறகு மாமாவும் மற்றவர்களும் காரைச் சுற்றி மணலை வெட்டி, கையால் நகர்த்திக் கொஞ்சம் திருப்பி, கொக்கி மாட்டி இழுத்தார்கள். நான்கு கதவு வழியாகவும் கடல் வெளியே வந்தது, கூடவே அவனுடைய ஒரு செருப்பும். கழுகின் மிச்சச் சிறகும் எங்கோ போயிருந்தது. கார் பேசவே இல்லை, கீ கீ கூட இல்லை. வேறு ஒரு வண்டி வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது. சந்தில் அது போகும்போது நான் சுவரோடு ஒட்டவில்லை. வாசலிலேயே நின்று பார்த்தேன்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் துணிய நம்பித்தான்டி இந்தத் தெருவே கண்ண மூடுது. யாராவது போய் மாட்டியிருந்தா? ஐஸ்காரி வண்டி போயிருந்தா அவ என்ன பண்ணுவா?"

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"யாரு சொன்னா? அக்காவா?"

"நான்தான். வீடு வீடாப் போய்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? வாயத் திறந்தா?"

"ஐஸ் அத்தைகிட்ட கத்தினேன்."

அவளுக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோபம் முகத்தில் அப்படியே நின்றது. "இனிமே துணி கட்டற வேலை உனக்கு இல்ல. நானே கட்டிக்கறேன். எவ்வளவு நேரமானாலும்," என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் காரை நினைத்தால் ஒரு துளி வருத்தம் வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை. அந்தப் பெண்ணை நினைத்தால்தான் கொஞ்சம் வரும்.

அக்கா வேலை முடிந்து ஓடி வந்தாள். விடுதி முழுக்க அதே பேச்சாம். அம்மா முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். அம்மா இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். அவளால் முடியாது என்று தெரிந்தும் நான் வாங்கப் போகவில்லை. இடது கையால் ஒரு உறையைத் தேய்த்தாள். கோணல்மாணலாக வந்தது. இன்னொன்றை எடுத்தாள்.

"சீட்டெல்லாம் நனஞ்சுதா?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"நனஞ்சுது," என்றேன்.

"எது வரைக்கும்?"

என் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன். அவள்தான் பார்க்கவில்லையே. "ஸ்டியரிங் வரைக்கும்," என்றேன்.

அம்மா அந்த உறையைத் திருப்பிப் போட்டு மறு பக்கம் அழுத்தித் தேய்த்தாள். மூலை மூலையாக, மெதுவாக, ரசித்து.

"நான் கடைசியிலதான வந்தேன். முதல்லேர்ந்து சொல்லு," என்றாள். "அந்த ஐஸ்காரி என்னமோ கேட்டாளாமே?"

நான் அடுப்படித் திண்டில் ஏறி உட்கார்ந்து, சந்து முனையில் அவன் ஹாரன் அடித்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.